ஊருக்கு ஒரு வக்கீல்

ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தை மத்திய அரசு 2016 ஜனவரி 16 அன்று தொடங்கியது. புதிய நிறுவனங்கள் வர்த்தக முத்திரையையோ வடிவமைப்பையோ பதிவு செய்யப் போனால், உதவுகிற நிபுணருக்கான கட்டணத்தை அரசே கொடுத்துவிடும் என்பது அதன் நல்ல ஏற்பாடுகளில் ஒன்று. ஆனால் அந்தத் திட்டத்தின் அங்கீகாரத்தைப் பெற, தனியார் கம்பெனி, பதிவுபெற்ற கூட்டு வணிகம், வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை போன்ற பதிவுபெற்ற அமைப்பாக இருந்தாக வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியில் பட்டுச் சேலையைப் பாயில் விரித்து, செல்போனில் படமெடுத்து, வாட்ஸ்அப் குழுவிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிற தனியாள் கடைக்கு அதில் இடமில்லை. விளம்பரம், பேரம், பணம் வாங்குவது, புகார் கேட்பது எல்லாம் இணையத்திலேயே நடக்கின்றன. இருந்தும் அது இணைய நிறுவனமாக எண்ணப்படுவதில்லை. அந்தக் கடைக்கு உரிமைகள் இல்லாமலில்லை, ஏராளமாகவே இருக்கின்றன. அவற்றைக் கையில் கொண்டுவந்து சேர்க்கும் சட்டச் சேவைதான் வேறு ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாக இருக்கிறது. ஆரணி மாதிரியான ஊரில் சட்டச் சிக்கல் ஒரு கடையோடு நிற்பதில்லை, ஊர் முழுவதற்கும் பொதுவானது. அதனால் சேவையையும் ஊர் சேர்ந்துதான் வாங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பெங்களூரிலும் சென்னையிலும் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குச் சட்டச் சேவை என்றால் என்ன என்பதைப் பார்த்தால் இந்தப் பொருத்தமின்மை புரியும். நிறுவனர்களுக்கிடையே ஒப்பந்தம், முதலீட்டாளருக்குப் பங்கு ஒதுக்கும் ஆவணங்கள், ஊழியர்களுக்குப் பங்கு தரும் திட்டம், தனியுரிமைக் கொள்கை, ஒருநாள் கம்பெனியை விற்கும்போது தேவைப்படும் பத்திரங்கள் என்று அந்தத் தொழில் முதலீட்டுப் பணத்தைச் சுற்றியே வளர்ந்தது. அமெரிக்காவில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. கூகுள் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் வழக்கறிஞர்களிடமும் அதன் பங்குகள் இருந்தன. இன்று கட்டணம் கொடுக்க முடியாதவன் நாளை பெரியவன் ஆவான் என்ற நம்பிக்கையில் வக்கீல் காத்திருக்கலாம். இந்தியாவில் வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. அந்தத் தடை நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். எப்படியானாலும், ஆரணிக் கடை எந்த முதலீட்டாளருக்கும் பங்கு விற்கப் போவதில்லை. அதன் வக்கீலுக்குக் காத்திருந்து அடையப் புதையல் எதுவுமில்லை. அதற்குத் தேவையான சட்ட வேலை சிறியது, அடிக்கடி வருவது, சண்டை மூளும் முன்பே முடிய வேண்டியது. அப்படிப்பட்ட வேலையைத் தனித்தனியாகச் செய்துகொடுக்க எந்த அலுவலகத்துக்கும் கட்டுப்படியாகாது.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஆரணியின் சிக்கல் அங்கேதான் ஆழமாகக் கிடக்கிறது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் காஞ்சிபுரத்தின் பட்டுக்கு அந்தக் குறியீடு 2005-06இலேயே கிடைத்துவிட்டது. ஆரணித் தறியில் இறங்கிய சேலை காஞ்சிபுரம் என்ற பெயரில் கடையேறுவது ஊரறிந்த சங்கதி. பெரிய கடை வாங்கிப்போய்த் தன் பெயரில் விற்றவரை அந்தப் பெயர்ச் சூட்டலுக்கு நெய்தவர் பொறுப்பாளி அல்ல. இணையத்தில் அவரே விற்பனையாளர் ஆனதும் நிலைமை தலைகீழாகிறது. வாங்குபவர் தேடுபொறியில் தட்டுவது காஞ்சிபுரம் என்ற சொல்லைத்தான். ஆகவே விற்பனைப் பக்கத்தின் தலைப்பிலும் குறிச்சொற்களிலும் அந்தச் சொல்லைப் போடாவிட்டால் சேலை யார் கண்ணிலும் படாது. போட்டாலோ, பொருளின் பிறப்பிடத்தைத் தவறாகக் காட்டியதாகிறது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுகள் சட்டத்தில் அது உரிமை மீறல். பொய்யான குறியீட்டை வேண்டுமென்றே பயன்படுத்துவது சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம். விளம்பரத்துக்காகத் தேடுபொறியில் சொற்களை வாங்குவதும் பாதுகாப்பான மறைவிடம் இல்லை. பிறருடைய வர்த்தக முத்திரையை அப்படித் திறவுச்சொல்லாக வைப்பதும் அந்த முத்திரையைப் பயன்படுத்துவதே என்று கூகுள் சம்பந்தப்பட்ட வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொன்னது. புவிசார் குறியீட்டுக்கும் அதே தர்க்கத்தை யாராவது நீட்டினால் வியப்பதற்கில்லை. இணையத்தில் ஆரணிக்காரர் ஏமாற்றப்படுபவர் மட்டுமல்ல, தன்னை அறியாமலே தவறிழைப்பவராகவும் இருக்கக்கூடும் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வதுதான் அவருக்குக் கிடைக்க வேண்டிய முதல் சட்ட ஆலோசனை.

தன் ஊர்ப் பெயரைக் காப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. குறியீடு ஊருக்குக் கிடைத்துவிட்டால் ஊரில் நெய்பவர் எல்லோருக்கும் உரிமை தானாக வந்துவிடும் என்ற எண்ணம் பரவலானது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை, அங்கீகரிக்கப்பட்ட பயனர் என்று பதிவேட்டில் பெயர் ஏறியவருக்குத்தான். குறியீட்டின் உரிமையாளரும் அந்தப் பயனர்களுமே மீறல்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் நிவாரணம் கேட்கலாம். நெய்தவரிடமிருந்து முறையாக வாங்கி மறுவிற்பனை செய்பவருக்குத் தனிப் பதிவு வேண்டியதில்லை; நெய்பவருக்கு வேண்டும். 2020இல் விதிகள் திருத்தப்பட்டபோது இந்தப் பதிவுக்கான விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பதிவு அலுவலகமும் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. 10 ரூபாய்க் காரியத்துக்குத் தடையாக இருப்பது பணமும் இல்லை, தூரமும் இல்லை. உறுதிமொழி எழுதவும், உற்பத்திச் சான்று சேர்க்கவும், அலுவலகத்திலிருந்து வரும் குறைபாட்டுக் கடிதத்துக்குப் பதில் போடவும் ஓர் ஆள் இல்லாததே தடை. நூறு நெசவாளருக்கும் அதே படிவம், அதே சான்று, ஏறத்தாழ அதே பதில். இதை நூறு தனி வேலைகளாகப் பார்ப்பது வீண். ஒரே வேலையாக ஒருவரிடம் கொடுத்தால் முடிந்துவிடும்.

அடுத்தது டிசைன். கணினியில் வரைந்து, ஜக்கார்டு அட்டை அடித்து, பாவு ஏற்றி முதல் சேலை தறியிலிருந்து இறங்குவதற்குள் செலவும் நாளும் ஓடிவிடுகின்றன. அதைக் காக்க 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டம் இருக்கிறது. தனிநபருக்குப் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். காப்பு 10 ஆண்டுகள், பிறகு 5 ஆண்டு நீட்டிப்பு. இதில் ஒரு பொறி உண்டு. விண்ணப்பம் போடும் முன் டிசைன் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. புதுச்சேலையின் படத்தைத் தீபாவளிக்கு முன் வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஆர்டர் பிடிப்பதுதான் இணைய வியாபாரத்தின் உயிர்நாடி. அந்தச் செயலே பதிவுரிமையைக் கொன்றுவிடுகிறது. பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை காக்கும் என்று நினைத்தால் அதுவும் நிற்காது. பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதியாமல் விட்டு, இயந்திர முறையில் 50 முறைக்கு மேல் பொருளாக்கினால் பதிப்புரிமை அற்றுப்போகும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. சோபாத் துணி டிசைன்கள் பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் 2009இலும், ரித்திகா நிறுவனம் பீபா ஆடை நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில் 2016இலும் டெல்லி உயர்நீதிமன்றம் இந்தப் பிரிவைத்தான் கையில் எடுத்தது. கைத்தறியில் நெய்வதை இயந்திர முறை என்று சொல்லலாமா என்று ஒரு நல்ல வக்கீல் வாதிட இடமுண்டு. அந்த வாதத்தைத் தன் செலவில் சோதித்துப் பார்க்க ஒரு சேலைக்கடையால் முடியுமா என்பதுதான் சந்தேகம்.

முடியாது என்பதைக் காட்ட நீதிமன்ற வழியைத் தொடர்ந்து பார்த்தால் போதும். வடிவமைப்பு, வர்த்தக முத்திரை, புவிசார் குறியீடு ஆகியவற்றின் மீறல் வழக்குகளை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே போட முடியாது. ஆகவே ஆரணியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போக வேண்டும். எதிரி, பதிவே செல்லாது என்று ஒரு வாதம் எழுப்பினால் போதும், வடிவமைப்பு வழக்கு உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்படும், ஆகவே சென்னை. இவ்வளவுக்கும் பிறகு வடிவமைப்புத் திருட்டுக்குச் சட்டம் குறித்திருக்கும் தொகை ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய்க்கு மேல் இல்லை, ஒரு வடிவமைப்புக்கு மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் இல்லை. அல்லது இழப்பீடும் தடையுத்தரவும் கேட்டு முழு வழக்கு நடத்த வேண்டும். டிசைனை நகலெடுப்பது பட்டுத் தொழிலின் பழைய பழக்கம், அதற்கெல்லாம் யார் வழக்குப் போடுவார்கள் என்று வியாபாரிகள் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. பெரும்பாலான சேலை டிசைன்களுக்குப் பதிவு தேவையில்லை என்றே நானும் நினைக்கிறேன். பல பருவங்கள் ஓடக்கூடிய சில டிசைன்களை மட்டும், படம் வெளியே போகும் முன் பதிந்தால் போதும். எதைப் பதிவது, எதை விடுவது என்று சொல்பவர்தான் நல்ல வக்கீல். எல்லாவற்றையும் பதியச் சொல்பவர் படிவம் விற்பவர்.

இணையத்தில் நடக்கிற பெரிய திருட்டு டிசைன் திருட்டு அல்ல, படத் திருட்டு. அசல் பட்டின் படத்தைக் காட்டிவிட்டு விசைத்தறிப் பாலியஸ்டரை அனுப்புகிறார்கள். இதில் நெய்தவர் விற்பனையை இழப்பது ஒரு பங்கு நஷ்டம் என்றால், ஏமாந்த வாங்குபவர் இனி ஆரணி என்ற பெயரையே நம்பமாட்டார் என்பது அதைவிடப் பெரிய பங்கு. இங்கே சட்டம் ஆச்சரியப்படும்படி எளிதாக இருக்கிறது. புகைப்படம் தானாகவே பதிப்புரிமை பெறும், பதிவு வேண்டாம். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், சொன்னவருக்கே சொந்தம். திருடிய படம் இருக்கும் தளத்துக்கு எழுத்தில் முறைப்படி புகார் கொடுத்தால், 36 மணி நேரத்துக்குள் அதை மறைத்து 21 நாள் அப்படியே வைத்திருக்க 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகள் வழி செய்கின்றன. அதற்குள் நீதிமன்ற உத்தரவு பெற வேண்டும். இடைநிலைத் தளங்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. நீதிமன்றமோ அரசோ சொன்னால்தான் தளம் நீக்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றத்தின் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு சொன்னது. ஆனால் பதிப்புரிமைப் புகாருக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம், குறிப்பான புகாரே போதும் என்று மைஸ்பேஸ் வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் 2016இல் வழியைத் திறந்தது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கடையே அந்தப் படத்தை நூற்றுக்கணக்கான மறுவிற்பனையாளர்களுக்குத் தானே முன்வந்து அனுப்பியிருக்கும், கடைப்பெயரை வெட்டிப் போட்டுக்கொள்ளவும் விட்டிருக்கும். அவர்களில் யார் அனுமதி பெற்றவர், யார் திருடர் என்று பிறகு எப்படிப் பிரிப்பது? குழுவில் சேரும்போதே நான்கு வரி நிபந்தனை ஒன்று தமிழில் இருந்திருந்தால் பாதிச் சண்டை அப்போதே முடிந்திருக்கும். அந்த நான்கு வரியும் எல்லாக் கடைக்கும் ஒன்றேதான்.

வாங்குபவர் பக்கமும் சட்டம் மாறிவிட்டது. விற்பவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது, பார்சலைப் பிரிக்கும் வீடியோ இல்லாமல் புகார் ஏற்கப்படாது என்ற அறிவிப்பு சேலைப் பக்கங்களில் சர்வ சாதாரணம். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுடையதாகவோ விளம்பரப்படுத்திய தன்மை இல்லாததாகவோ இருந்தால் அதைத் திரும்பப் பெற மறுக்கவே முடியாது. மலிவான டெஸ்டட் ஜரிகைச் சேலையைச் சுத்த ஜரிகை என்று எழுதி விற்றால், எந்த வீடியோ நிபந்தனையும் விற்றவரைக் காப்பாற்றாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை அவருக்குக் கட்டணமும் இல்லை. கவுகாத்தியில் இருப்பவர் கவுகாத்தியில் புகார் கொடுத்தால் ஆரணிக்காரர் அங்கே பதில் சொல்ல வேண்டும். வரியும் இப்படித்தான். சந்தைத் தளம் வழியாக மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிக்கு 2023 அக்டோபர் 1 முதல் ஜிஎஸ்டி பதிவில் விலக்கு உண்டு. அதே தளம் வழியாக ஒரு சேலை பெங்களூருக்குப் போனால் விலக்கு போய்விடும். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்று சிறு ஊர்க் கடைக்காரர் போவது ஆடிட்டரிடம். ஆடிட்டர் வரிக்கு நல்லவர். திரும்பப் பெறும் நிபந்தனை எழுதுவதும் படத்துக்குப் புகார் கொடுப்பதும் அவர் வேலை இல்லை.

அப்படியானால் இணையத்திலேயே பதிவுச் சேவைகள் மலிவாகக் கிடைக்கின்றனவே, செயற்கை நுண்ணறிவே ஒப்பந்தம் எழுதித் தருகிறதே, ஊர் வக்கீல் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. வர்த்தக முத்திரைக்குத் தனிநபர் இணையம் வழி விண்ணப்பித்தால் அரசுக் கட்டணம் 4,500 ரூபாய்தான்; படிவம் நிரப்ப ஒரு தளம் போதும். ஆனால் படிவம் நிரப்புகிற தளத்திடம், சேலைப் படம் போன வாரமே குழுவில் போய்விட்டதே என்று யாரும் சொல்வதில்லை, அதுவும் கேட்பதில்லை. தலைப்பில் காஞ்சிபுரம் என்று இருப்பதை அது பார்ப்பதும் இல்லை. மென்பொருள் எழுதித் தரும் ஒப்பந்தம் மொழி சுத்தமாக இருக்கும்; ஆரணியில் கடைக்கும் மறுவிற்பனையாளருக்கும் நடுவே நடக்கும் கணக்கு அதில் இருக்காது. தவிர, வக்கீலைத் தேடிக் கண்டுபிடிப்பதே கடினம். வழக்கறிஞர்கள் இணையத் தளங்கள் வழியாகத் தங்களை விளம்பரப்படுத்துவதைக் கண்டித்த சென்னை உயர்நீதிமன்றம், அப்படிச் செய்வோர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் சொன்னது. தொழிலின் கண்ணியம் பற்றிய அந்தக் கவலையை மதிக்கிறேன். அதன் விளைவு, அறிமுகம் உள்ளவருக்கு மட்டும் நல்ல வக்கீல் கிடைப்பது. தறிக்காரருக்குச் சென்னையில் அறிமுகம் ஏது?

கூட்டாகச் சட்டச் சேவை வாங்குவது புதுக் கற்பனை அல்ல. ஸ்காட்லாந்தின் வெளித்தீவுகளில் வீட்டுத் தறியில் நெய்யப்படும் ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணி இதற்குச் சரியான முன்னோடி. அதன் உருண்டைச் சின்னத்தைப் பதிவு செய்ய 1909இல் விண்ணப்பிக்கப்பட்டது. 1993இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அதற்கொரு ஆணையத்தை அமைத்தது. ஆணையம் துணியைச் சோதித்து முத்திரை குத்துகிறது, அதற்குக் கட்டணம் வாங்குகிறது, அந்தப் பணத்தில் உலகெங்கும் போலிகளைத் துரத்துகிறது. தனி நெசவாளர் எவரும் வழக்குச் செலவை எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. நம் நாட்டில் டார்ஜிலிங் தேயிலைக்குத் தேயிலை வாரியம் இதே காவல் வேலையைச் செய்கிறது. 1998இலேயே உலகளாவிய கண்காணிப்புக்கு நிறுவனம் ஒன்றை அமர்த்தியது. பட்டுக்கும் விதை இருக்கிறது. மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் 2004 முதல் சேலைக்கு ஒரு சீட்டு என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அது நூல் பட்டுதான் என்று சொல்லும். எந்த ஊர்த் தறி என்று சொல்லாது. ஆரணியில் கூட்டுறவுச் சங்கங்களும் கடைக்காரர்களும் சேர்ந்து, சேலைக்கு ஒரு சிறு தொகை என்று ஒதுக்கினால், மாதச் சம்பளத்தில் ஒரு வக்கீலை அமர்த்தலாம். பயனர் பதிவுகள், நிபந்தனைகளின் வார்ப்புரு, படத் திருட்டுப் புகார், நுகர்வோர் வழக்குக்குப் பதில் எல்லாம் அவர் மேசைக்கு வரும். ஆர்டர் வந்த செல்போனை மாற்றும் முன் உரையாடலைப் பத்திரப்படுத்தச் சொல்வதும் அவர் வேலைதான். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் மின்னணுப் பதிவுக்கு நிபுணர் கையெழுத்தோடு சான்றிதழ் வேண்டும். சண்டை வந்த பிறகு தேடினால் பழைய செய்திகள் கிடைக்காது.

கூட்டுறவு என்றாலே தேர்தலும் தணிக்கையும் தூக்கமும்தான், அதை நம்பி வக்கீல் வைப்பதா என்ற எதிர்ப்பை லேசாகத் தள்ள முடியாது. அதனால்தான் சங்கத்தின் நிர்வாகத்துக்குள் இல்லாமல், கட்டணம் செலுத்துகிறவர்கள் எல்லோருக்கும் பொறுப்பான தனிக் கணக்காக இது இருக்க வேண்டும் என்கிறேன். சேவை பிடிக்காதவர் கட்டணத்தை நிறுத்திக்கொள்ளலாம். பட்டு வியாபாரம் நம்பிக்கையில் நடப்பது, வக்கீல் வந்தால் அது கெடும் என்பது இன்னொரு எதிர்ப்பு. ஒரே தெருவில் முகம் பார்த்துக் கடன் சொல்லிய காலத்துக்கு அது பொருந்தும். முகமே தெரியாத கவுகாத்தி வாங்குபவருக்கும் ஆரணிக் கடைக்கும் இடையில் நம்பிக்கையை உண்டாக்குவதே எழுதி வைத்த நிபந்தனைதான்.

எனக்குக் கனமாகத் தோன்றும் எதிர்ப்பு வேறு. இப்படி ஒரு வக்கீல் வந்தால் அவர் முதலாளிகளின் வக்கீலாகத்தான் இருப்பார். முன்பணம் வாங்கித் தறிக்குக் கட்டுப்பட்டிருக்கும் கூலி நெசவாளருக்கு அதில் என்ன? வடிவமைப்புச் சட்டமே, கூலிக்கு வரைந்து கொடுத்த டிசைனை வரையச் சொன்னவருக்குச் சொந்தமாக்குகிறது. கூலி பாக்கி, முன்பணக் கணக்கு என்று தகராறு வந்தால் ஊர் வக்கீல் இரு பக்கமும் நிற்க முடியாது; அவர் விலகத்தான் வேண்டும். அந்த இடத்துக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. அதன் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் உண்டு, தொழிலாளருக்கும் உண்டு. வீட்டுத் தறியில் பாவு பிணைப்பதிலும் ஊடை சுற்றுவதிலும் பாதி உழைப்பு பெண்களுடையது என்பதால் இது சின்ன வாசல் அல்ல. டெலி-லா சேவையில் 14454 என்ற எண்ணுக்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். ஆனால் தாலுகா சட்டப் பணிகள் குழுக்களின் வக்கீல்களுக்குப் பழக்கம் ஜீவனாம்சமும் விபத்து இழப்பீடும். கூலிக் கணக்கு முழுவதும் வாட்ஸ்அப் செய்தியிலும் யுபிஐ வரவிலும் இருக்கும் வழக்கை எப்படி நிரூபிப்பது என்று அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். ஊர் வக்கீலை அமர்த்தும் ஏற்பாட்டையும் இந்தப் பயிற்சியையும் ஒரே நேரத்தில் தொடங்காவிட்டால், கூலி நெசவாளரின் எதிர்ப்புக்கு என்னிடம் பதில் இல்லை.